‘டிடிஎஃப்’ போய் ‘ஃபான்ட்ஸ்’ வந்தது ஏன்? லினக்ஸில் எழுத்துருக்களுக்குப் பெயர் மாறிய கதை

ஒரு சிறிய நிறுவனம். மாவட்டம் மாவட்டமாக வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் பில் அனுப்புவதுதான் அதன் சாஃப்ட்வேர் செய்யும் வேலை. பல வருடம் ஓடிய பழைய லினக்ஸ் சர்வரை மூடிவிட்டு, எல்லாவற்றையும் புதிய டெபியன் கன்டெய்னருக்கு மாற்றும் பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஓர் இளைஞரிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய சர்வரில் இருந்த இன்ஸ்டால் ஸ்கிரிப்டை அவர் அப்படியே எடுத்து ஓட்டுகிறார். ஒரு வரியில் வந்து நிற்கிறது: ‘டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்’ என்ற பேக்கேஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அண்ணா, இந்தப் பேக்கேஜே இல்லையாம். வரியைத் தூக்கிடவா?”

“ஃபான்ட்தானே? தூக்கிடு. பில்டு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

வரி போனது. பில்டு பச்சை விளக்குக் காட்டியது. டெஸ்ட்டுக்குப் போட்ட ஆங்கில பில்லும் அழகாக வந்தது. மறுநாள் காலை வாடிக்கையாளர்களுக்குப் போன பிடிஎஃப்-களில் தொகை சரியாக இருக்கிறது, தேதி சரியாக இருக்கிறது. பெயரும் முகவரியும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கட்டம் கட்டமாக நிற்கிறது.

எழுத்துரு கிடைக்காதபோது கம்ப்யூட்டர் போடும் அந்தக் கட்டங்களுக்கு ‘டோஃபு’ என்று செல்லப்பெயர் உண்டு. சோயா பன்னீர்த் துண்டு மாதிரி இருப்பதால் வந்த பெயர். கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு ‘நோட்டோ’ என்று பெயர் வைத்ததே ‘நோ டோஃபு’ என்பதைச் சுருக்கித்தான்.

இங்கே எழுத்துரு எதுவும் தொலைந்துபோகவில்லை. டெபியனின் கிடங்கில் தமிழ் எழுத்துருக்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மாறியது பெயர் மட்டும்தான்.

பெயரில் என்ன இருக்கிறது?

போனில் ஆப் இறக்கும்போது பெயர் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஐகானைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். லினக்ஸ் சர்வரில் அந்தச் சலுகை இல்லை. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்களில் (சுருக்கமாக டிஸ்ட்ரோ) ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ். அதை வரவழைக்க அதன் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். ஒரு ஹைஃபன் மாறினாலும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றுதான் பதில் வரும்.

மனிதர்கள் மட்டும் இந்தப் பெயர்களைப் பயன்படுத்துவதில்லை. ஒரு பேக்கேஜ் தனக்குத் தேவையான இன்னொரு பேக்கேஜைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகள், கன்டெய்னர் கோப்புகள், பாடக் குறிப்புகள் என எல்லாவற்றிலும் அந்தப் பெயர் பதிந்துபோகிறது. ஆதார் அட்டையில் பெயரைத் திருத்திவிட்டு பேங்க், பான், பாஸ்போர்ட் என்று அலைவது போலத்தான் இதுவும். ஓரிடத்தில் மாற்றினால் ஒன்பது இடத்தில் மாற்ற வேண்டும்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் டெபியன் தன் எழுத்துருப் பேக்கேஜ்களின் பெயர்களைப் பெரிய அளவில் மாற்றியது. 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6-ல் ‘டிடிஎஃப்-’ என்று தொடங்கும் பெயர்களே அதிகம். 2013 மே மாதம் வந்த டெபியன் 7 முதல் ‘ஃபான்ட்ஸ்-’ என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக அந்த இடத்துக்கு வந்தன. டெபியனை அடித்தளமாகக் கொண்ட உபுண்டுவுக்கும் அது அப்படியே இறங்கியது. உபுண்டுவின் சொந்த எழுத்துருவே ‘டிடிஎஃப்-உபுண்டு-ஃபான்ட்-ஃபேமிலி’ என்ற பெயரை விட்டு ‘ஃபான்ட்ஸ்-உபுண்டு’ ஆனது.

டப்பாவின் பெயரா, உள்ளே இருப்பதன் பெயரா?

பழைய முறையில் பேக்கேஜ் பெயரின் முதல் பகுதி எழுத்துருவின் கோப்பு வடிவத்தைச் சொன்னது. ட்ரூடைப் என்றால் ‘டிடிஎஃப்-’. ஓப்பன்டைப் என்றால் ‘ஓடிஎஃப்-’. அடோபியின் பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்றால் ‘டி1-’. திரைக்கான புள்ளி எழுத்துரு என்றால் ‘எக்ஸ்ஃபான்ட்ஸ்-’. கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளுக்கான எழுத்துருக்களுக்கோ ‘ஜிஎஸ்ஃபான்ட்ஸ்’ என்று தனிப் பெயர்.

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. எந்த மென்பொருளால் எந்த வடிவத்தைப் படிக்க முடியும் என்பதே அப்போது பெரிய கேள்வி. அதனால் டப்பாவின் மேல் வடிவத்தை எழுதி ஒட்டுவது உதவியாக இருந்தது.

பிறகு அந்த லேபிளே பொய் சொல்ல ஆரம்பித்தது. ஆப்பிள் 1991-ல் ட்ரூடைப்பைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் சேர்ந்து 1996-ல் ஓப்பன்டைப்பை அறிவித்தன. ஓப்பன்டைப் ஏற்கெனவே இருந்த ட்ரூடைப்பின் மேல் கட்டப்பட்டது. அதனால் ஓர் ஓப்பன்டைப் எழுத்துரு ‘.ஓடிஎஃப்’ என்றும் முடியலாம், ‘.டிடிஎஃப்’ என்றும் முடியலாம்.

தமிழ் இதற்கு நல்ல உதாரணம். ‘கொ’ என்று டைப் செய்தால் கோப்பில் சேமிக்கப்படுவது ‘க’வும் அதன்பின் ஒகரக் குறியும் மட்டும்தான். திரையில் அது கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரிந்து, கொம்பு முன்னால் போய் உட்கார வேண்டும். கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ‘கு’, ‘டு’, ‘று’ என ஒவ்வொன்றும் வேறு வேறு உருவம் எடுக்க வேண்டுமே, அதற்கான அட்டவணை எழுத்துருவுக்குள் இருக்க வேண்டும். அந்த அட்டவணை ஓப்பன்டைப் தந்த வசதி. ஆக, ‘.டிடிஎஃப்’ என்று முடியும் ஒரு தமிழ் எழுத்துருவைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓப்பன்டைப் வேலை செய்துகொண்டிருக்கும். ‘டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்’ என்ற பெயரில் இருந்த ‘டிடிஎஃப்’, பயன்படுத்துபவருக்கு உருப்படியாக எதையும் சொல்லவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. எழுத்துருவை உருவாக்கியவர் அடுத்த பதிப்பை ‘.ஓடிஎஃப்’ ஆக வெளியிட்டால் என்ன செய்வது? பேக்கேஜ் பெயரையும் மாற்ற வேண்டும், அல்லது பொய்ப் பெயரோடு காலம் தள்ள வேண்டும். கோப்பு வடிவம் என்பது உருவாக்கியவர் நினைத்தால் நாளைக்கே மாறக்கூடியது. எழுத்துருவின் பெயர் அப்படி மாறுவதில்லை. மாறக்கூடியதை விட்டுவிட்டு மாறாததை வைத்துப் பெயர் சூட்டுவது என்று டெபியனில் எழுத்துருக்களைக் கவனிக்கும் குழு எடுத்த முடிவு சரியான முடிவு.

புதிய விதி எளிமையானது. முதலில் ‘ஃபான்ட்ஸ்-’. அடுத்து, தேவைப்பட்டால், உருவாக்கிய அமைப்பின் பெயர். அடுத்து எழுத்துருவின் பெயர். இரண்டு வடிவங்களும் தனித்தனி பேக்கேஜாக வேண்டும் என்றால் மட்டும் கடைசியில் வடிவம். ‘டிடிஎஃப்-ஃப்ரீஃபான்ட்’, ‘ஓடிஎஃப்-ஃப்ரீஃபான்ட்’ என்று அகரவரிசையில் ஆளுக்கொரு மூலையில் கிடந்த இரண்டும் ‘ஃபான்ட்ஸ்-ஃப்ரீஃபான்ட்-டிடிஎஃப்’, ‘ஃபான்ட்ஸ்-ஃப்ரீஃபான்ட்-ஓடிஎஃப்’ என்று பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டன.

டெர்மினலில் வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு சின்ன சுகமும் உண்டு. ‘ஃபான்ட்ஸ்-’ வரை தட்டிவிட்டு டேப் பட்டனை இரண்டு முறை அழுத்தினால், கிடங்கில் உள்ள எழுத்துருக்கள் எல்லாம் ஒரே பட்டியலாக வந்து விழும். முன்பு நான்கைந்து முன்னொட்டுகளைத் தனித்தனியாகத் தேட வேண்டியிருந்தது.

தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘டிஏஎம்எல்’

முதலில் பார்த்த இளைஞர் புதிய விதியை அறிந்து, ‘ஃபான்ட்ஸ்-தமிழ்’ என்று தட்டியிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. காரணம், டெபியனில் அதன் பெயர் ‘ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல்’. டி, ஏ, எம், எல் என்று நான்கு ஆங்கில எழுத்துகள். அவ்வளவுதான்.

எழுத்துப்பிழை போலத் தெரியும் இந்த நான்கும் ஐஎஸ்ஓ 15924 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வந்தவை. அந்தத் தரம் உலகின் ஒவ்வொரு எழுத்து முறைக்கும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்றைத் தருகிறது. அந்தப் பதிவேட்டைப் பராமரிப்பது யூனிகோட் கன்சார்ட்டியம். மொழிகளுக்கான குறியீடு இதிலிருந்து வேறு. இணையதளங்களில் பார்க்கும் ‘டிஏ’ என்ற இரண்டெழுத்து, தமிழ் மொழியைக் குறிப்பது.

மொழி வேறு, எழுத்து வேறு என்பது தமிழ்க்காரர்களுக்குச் சட்டென்று உறைக்காது. தமிழ் மொழிக்குத் தமிழ் எழுத்து என்றே பழகிவிட்டது. இந்தியிடம் கேட்டால் வித்தியாசம் புரியும். இந்தி, மராத்தி, நேபாளி மூன்றும் தேவநாகரியில் எழுதப்படுகின்றன. ஒரே எழுத்துருவுக்கு ‘இந்தி’ என்று பெயர் வைத்தால் மராத்திக்காரர் அதைத் தேடி எடுக்க வாய்ப்பே இல்லை. வங்க எழுத்தில் வங்காளியும் எழுதப்படுகிறது, சில எழுத்து வேறுபாடுகளுடன் அசாமியும் எழுதப்படுகிறது. அதனால்தான் லோஹித் எழுத்துருவின் பேக்கேஜ் பெயர்களில் வங்க எழுத்துக்கான நான்கெழுத்துக் குறியீட்டுக்குப் பின்னால் ஒன்றில் ‘பெங்காலி’ என்றும், இன்னொன்றில் ‘அசாமீஸ்’ என்றும் மொழிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துரு வரைவது எழுத்தைத்தானே, மொழியை அல்லவே. எழுத்தின் பெயரை வைத்தது தர்க்கப்படி சரிதான்.

தர்க்கம் சரி. ஆனால் ‘டிஏஎம்எல்’ என்று தேட வேண்டும் என மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒருவருக்கு எப்படித் தோன்றும்? தேடல் கமாண்டில் ‘தமிழ்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்தால் பேக்கேஜ் விவரணையில் அந்தச் சொல் இருப்பதால் மாட்டிக்கொள்ளும். ஊகித்துத் தட்டினால் மாட்டாது. ஒழுங்குபடுத்தப்பட்ட பெயர், விதியை அறிந்தவருக்கு மட்டும்தான் உடனே பயன்படுகிறது.

அந்த நான்கெழுத்தைக் கற்றுக்கொண்டால் நிறையக் கிடைக்கிறது என்பதும் உண்மை. ‘ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல்’ எழுத்துரு அல்ல, அது ஒரு தாய்ப் பேக்கேஜ். அதை வரவழைத்தால் மற்ற தமிழ் எழுத்துருப் பேக்கேஜ்களையும் அழைத்துக்கொண்டு வரும். டெபியனில் லோஹித், லோஹித் கிளாசிக்கல், சம்யக், மீரா ஆகியவற்றின் பெயர்கள் ‘டிஏஎம்எல்’ குறியீட்டோடு வருகின்றன. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கணினி முயற்சிகளின் வாசனையைப் பெயரிலேயே சுமக்கும் டாமு, டிஎஸ்சியு குடும்பங்களும் அப்படித்தான். பழைய ‘டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்’ என்ற ஒரே மூட்டையில் ஒன்றாகக் கிடந்த காதம்பரி, கல்யாணி, பரணர் எல்லாம் இன்று ‘டாமு’, ‘டிஎஸ்சியு’ என்று இரண்டு தனி பேக்கேஜ்களில் இருக்கின்றன.

விதி இருந்தும் முழு ஒழுங்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. டெபியனில் இரண்டு மீராக்கள் உண்டு. மலையாள மீராவின் பெயரில் அதை உருவாக்கிய அமைப்பான ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்கின் சுருக்கம் வருகிறது: ‘ஃபான்ட்ஸ்-எஸ்எம்சி-மீரா’. தமிழ் மீராவின் பெயரில் எழுத்து முறை வருகிறது: ‘ஃபான்ட்ஸ்-மீரா-டிஏஎம்எல்’. தேவநாகரி எழுத்துருக்களான நகுலா, சகாதேவா ஆகியவற்றில் இரண்டுமே இல்லை, வெறும் பெயர்தான். கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இருப்பதோ ‘ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்’ என்ற பெரிய பேக்கேஜுக்குள். அதில் தமிழ் இருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

பழைய பெயரை நம்பியிருந்தவர்கள்

பெயர் மாற்றுவது என்று முடிவான அன்றே பழைய பெயரைத் துடைத்துவிட முடியாது. அதற்காக ‘இடைமாற்றுப் பேக்கேஜ்’ என்று ஒன்றை வைப்பார்கள். பழைய பெயர் அப்படியே இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் ‘அவர் வீடு மாறிவிட்டார்’ என்று புதிய பேக்கேஜைக் கைகாட்டிவிடும். சில பதிப்புகள் கழித்து அந்த வெற்றுப் பேக்கேஜையும் எடுத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு பதிப்பாக முறையாக அப்டேட் செய்து வந்தவர்களுக்கு இதில் சிக்கலே இல்லை. மாட்டிக்கொள்பவர்கள், சர்வர் ஓடுகிறதே என்று ஏழெட்டு வருடம் தொடாமல் விட்டுவிட்டு ஒரே தாவலில் புதிய பதிப்புக்கு வருபவர்கள். கைகாட்டி நின்றிருந்த காலம் முழுவதும் அவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை.

பேக்கேஜ் பெயரோடு இன்னொன்றும் மாறியது. டேஜாவூ எழுத்துருக்கள் முன்பு ‘டிடிஎஃப்-டேஜாவூ’ என்ற ஃபோல்டரில் இருந்தன. பெயர் மாறியபின் ஃபோல்டர் வெறும் ‘டேஜாவூ’ ஆனது. சர்ட்டிஃபிகேட்டில் பெயர் அச்சடிக்க, கேப்ச்சா படம் வரைய என்று எழுத்துருக் கோப்பின் முழு முகவரியையும் கோடுக்குள் எழுதிவைத்திருந்த புரோகிராம்கள் அந்த அப்டேட்டில் நின்றன.

ஆனால் எழுத்துருவின் சொந்தப் பெயர் மாறவே இல்லை. பேக்கேஜ் ‘டிடிஎஃப்-’ ஆக இருந்தபோதும் ‘ஃபான்ட்ஸ்-’ ஆனபோதும் உள்ளே இருப்பது ‘டேஜாவூ சான்ஸ்’தான், ‘லோஹித் தமிழ்’தான். வெப் பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸிலும் லிப்ரே ஆஃபீஸிலும் தேர்ந்தெடுப்பது இந்தக் குடும்பப் பெயரைத்தான். லினக்ஸில் ஃபான்ட்கான்ஃபிக் என்ற மென்பொருளிடம் அந்தப் பெயரைச் சொன்னால், கோப்பு எங்கே இருந்தாலும் தேடி எடுத்துக் கொடுத்துவிடும். முகவரியை எழுதிவைத்தவர்கள் மாட்டினார்கள், பெயர் சொல்லிக் கேட்டவர்கள் தப்பித்தார்கள்.

பக்கத்து ஊரில் வேறு வழக்கம்

டெபியன் விதியை மனப்பாடம் செய்துகொண்டு வேறு டிஸ்ட்ரோவுக்குப் போனால் மறுபடியும் அரிச்சுவடி. ஃபெடோராவிலும் தெளிவான விதி உண்டு. ஆனால் அங்கே ‘ஃபான்ட்ஸ்’ கடைசியில் வரும், எழுத்து முறையின் பெயரும் முழுதாக வரும்: ‘லோஹித்-தமிழ்-ஃபான்ட்ஸ்’. கன்டெய்னர்களில் அதிகம் பயன்படும் குட்டி டிஸ்ட்ரோவான ஆல்பைனும் ‘டிடிஎஃப்-டேஜாவூ’ என்ற பெயரைக் கைவிட்டது. புதிய பெயர் ‘ஃபான்ட்-டேஜாவூ’. ஒருமை, ‘ஸ்’ கிடையாது. ஆர்ச் லினக்ஸில் ‘டிடிஎஃப்-டேஜாவூ’வும் ‘நோட்டோ-ஃபான்ட்ஸ்’ம் ஒரே கிடங்கில் நிற்கின்றன.

எல்லாரும் கூடிப் பேசி ஒரே பெயர் வைத்துவிடக் கூடாதா? வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் எழுத்துருவுக்கு மட்டுமா பெயர் வைக்கிறது? பல்லாயிரம் பேக்கேஜ்கள் உள்ள கிடங்கில் எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் உருவாகியிருக்கும். எழுத்துருவுக்காக மட்டும் வெளியூர் வழக்கத்தைக் கொண்டுவந்தால் உள்ளூர் ஒழுங்கு கெடும். ஒரே டிஸ்ட்ரோவுக்குள் வேலை செய்பவருக்கு உள்ளூர் ஒழுங்குதான் முக்கியம்.

கட்டங்களை எப்படித் தவிர்ப்பது?

மீண்டும் அந்த பில் கம்பெனிக்கு. ஆங்கிலமும் எண்களும் மட்டும் எப்படிச் சரியாக வந்தன? டெபியனில் ஃபான்ட்கான்ஃபிக்கை நிறுவினால், அது தனக்கு அடிப்படையாக ஏதாவது ஓர் எழுத்துரு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். வழக்கமாக வருவது டேஜாவூ. அதில் லத்தீன் உண்டு, கிரேக்கம் உண்டு, சிரிலிக் உண்டு. தமிழ் இல்லை. ஆங்கில பில்லை வைத்து டெஸ்ட் செய்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

கன்டெய்னர் சைஸைக் குறைக்க, பரிந்துரைக்கப்பட்ட துணைப் பேக்கேஜ்கள் வேண்டாம் என்று சொல்லி நிறுவுவது இப்போது வழக்கம். அப்போது முதலில் காணாமல் போவதில் எழுத்துருக்களும் சேர்த்தி. காரணம், அவை பல இடங்களில் ‘கட்டாயம்’ பட்டியலில் இருப்பதில்லை, ‘பரிந்துரை’ பட்டியலில்தான் இருக்கின்றன. தமிழில் ஏதாவது அச்சடிக்கும் சர்வர் என்றால் எழுத்துருப் பேக்கேஜை வெளிப்படையாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். நிறுவிய பிறகு ‘எஃப்சி-லிஸ்ட்’ கமாண்டிடம் ‘டிஏ’ மொழிக்கான எழுத்துருக்களை மட்டும் காட்டச் சொன்னால் இரண்டு நொடியில் உண்மை தெரிந்துவிடும். பட்டியல் காலியாக வந்தால் பில்டு நிற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். கட்டம் கட்டமான பில் வாடிக்கையாளர் வரை போகாது.

அந்த இளைஞர் செய்ய வேண்டியிருந்ததும் ஒரு வரிதான். நீக்கிய இடத்தில் ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’ என்று எழுதியிருந்தால் பில்லில் பெயரும் முகவரியும் வந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் டெபியனில் பழைய முன்னொட்டோடு ஒரு பிரபலம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது: ‘டிடிஎஃப்-எம்எஸ்கோர்ஃபான்ட்ஸ்-இன்ஸ்டாலர்’. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், வெர்டானா போன்ற மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்காகப் பலரும் தேடி வருவது இதைத்தான். பெயரில் ‘ஃபான்ட்ஸ்’ இருந்தாலும் பேக்கேஜுக்குள் ஓர் எழுத்துருகூடக் கிடையாது. உரிம நிபந்தனையை ஏற்றுக்கொண்டால், இணையத்திலிருந்து எழுத்துருக்களை இறக்கிக் கொடுக்கும் இன்ஸ்டாலர் மட்டுமே அது. தமிழ் பில் கட்டமாக வருகிறது என்று இதை நிறுவிப் பார்ப்பவர்களும் உண்டு. ஏரியல் வரும். கட்டங்கள் அப்படியே இருக்கும்.